அரை பதினாலு

சாப்பாடு பத்தாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் கெட்டது. நான் இன்ஷூரன்ஸ் விற்கிறவள். நடக்காத ஒன்றைச் சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்துவது என் பிழைப்பு. இந்தத் தடவை அந்தப் பயம் என் வீட்டுக்கே வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

என் மகள் கவிநயாவுக்கு நிச்சயதார்த்தம். காலையில் கோயிலில் தட்டு மாற்றுவது என் அண்ணன் சிவசுப்பிரமணியனும் அவர் மனைவியும். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷமாகிறது, அதனால் நான் அந்த வேலைக்கு ஆகமாட்டேன். அதில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சாயங்கால விருந்து என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஈப்போவில் எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் தலையிடாமல் நடந்ததில்லை.

"ஒத்தப் பொம்பள, இத்தன பேருக்குச் சோறு போட்ருவியா? பத்தலன்னா எம்மானம் போயிரும் விசாலி."

"போடுவேன். ஒருத்தர் பசியோட திரும்பிப் போனாக்கூட கல்யாணத்த நீங்களே நடத்திக்கங்க. நான் விருந்தாளி மாதிரி வந்து உக்காந்துட்டுப் போயிர்றேன்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. இருப்பது ஒரே மகள். அண்ணன் கைக்குப் போனால் சேலையிலிருந்து மேளம் வரை அவர் இஷ்டம். பந்தலில் என்னை எந்த மூலையில் உட்கார வைப்பது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். அது என்ன மூலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக உட்கார்ந்து பழகிய மூலை.

மண்டபம் லகாட்டைத் தாண்டி. முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த இடம், இப்போது சுற்றிலும் செம்பனை, நடுவில் வரிசை வீடுகள், அதன் கடைசியில் குளிர்சாதனம் வைத்த மண்டபம். கவிநயாவோடு மருத்துவமனையில் வேலை செய்கிற மலாய்க்காரப் பெண்கள் வருவார்கள் என்பதால் ஈப்போவில் முகமது இப்ராஹிம் கடையில் ஹலால் சாப்பாடு சொன்னேன். ஆர்டர் எடுப்பது அவர் மகள் மெஹ்ரீன். போனில் பேசும்போதே அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்கும்.

"ஆன்ட்டி, ஒரு கிலோ பாஸ்மதி எட்டுப் பேருக்கு வரும். கோழி ஒண்ண பத்துத் துண்டாப் போடுவோம். ஆளுக்கு ஒன்ற துண்டு வச்சுக்கங்க. ஆட்டுக்கறி தலைக்கு நூறு கிராம். சிராப் ரெண்டு கிளாஸ். நீங்க பேக்ஸ், எத்தன தலைன்னு மட்டும் சொல்லுங்க, மத்தது நான் பாத்துக்கிறேன் லா."

"ஒன்ற துண்டுன்னா? அரைத் துண்ட எவன் எடுப்பான்?"

"ஒருத்தர் ரெண்டு எடுப்பாரு, ஒருத்தர் ஒண்ணு எடுப்பாரு. சரியாப் போயிரும்."

"எல்லாரும் ரெண்டு எடுத்தா?"

"எடுக்க மாட்டாங்க. கோழியக் கடைசியில வச்சு நம்ம ஆளு கையால போடுவாரு. மொதல்ல சோறு, பச்சடி, கத்திரிக்கா. கோழிகிட்ட வர்றதுக்குள்ள பிளேட் நெறஞ்சிரும்."

கெட்டிக்காரி. ஆனாலும் எனக்கு மனம் அடங்கவில்லை. காலையில் போன் செய்து ஐந்து கிலோ கூட்டச் சொல்வேன். மத்தியானம் வீணாகிவிடுமே என்று மூன்று கிலோ குறைக்கச் சொல்வேன். மழை பெய்தால் எத்தனை பேர் வரமாட்டார்கள், பாகான் செராயிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் பசியோடு வருவார்களா வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வருவார்களா என்று கேட்பேன். கடைசியில் அந்தப் பெண்ணே கெஞ்சினாள். "ஆன்ட்டி, கச்சாவ் பண்ணிக் கொழப்பாதீங்க. எத்தன பேருன்னு ஒரு முடிவான நம்பர் குடுங்க, போதும்."

அந்த நம்பர்தான் என்னிடம் இல்லை. அது அண்ணனிடம் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஆளை எண்ணிப் பழக்கமில்லை. புள்ளியைத்தான் எண்ணுவோம். கல்யாணமான ஒரு ஜோடி, அவர்களுடைய கல்யாணமாகாத பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரியானாலும் சரி, விசேஷத்துக்கு அழைப்பதானாலும் சரி, இத்தனை புள்ளி என்றுதான் பேச்சு. ஜோடியில் ஒருத்தர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். நானே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லியிருக்கிறேன். என்மேல் வந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

எத்தனை பேர் என்று அண்ணனிடம் நான்கு தடவை கேட்ட பிறகு வாட்ஸப்பில் குரலாக அனுப்பினார். ஒரு கிளையண்டைப் பார்க்கப் போன கிளினிக் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"இந்தா, ரெண்டு பக்கமும் சேத்துச் சொல்லிர்றேன். முழுசு அறுபது. ஒவ்வொண்ணுக்கும் நாலு ஆள் போட்டுக்கச் சொல்லு. அரை பதினாலு..."

அதோடு நிறுத்திவிட்டேன். இன்னும் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அந்தப் பதினாலில் நானும் ஒன்று. இந்தக் கணக்கை மெஹ்ரீனுக்கு நான் எப்படிச் சொல்வது? அரை என்ற சொல்லை என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கவிநயாவின் மாமா அனுப்பியிருக்கிறார், இதன்படி செய்' என்று எழுதி, அந்தக் குரலை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டேன். அவளும் உடனே கட்டைவிரல் காட்டினாள். கொஞ்ச நேரத்தில், 'நோ பிராப்ளம் ஆன்ட்டி, அரைக்குத் தனி மேசை சூப்பராப் பண்ணிருவேன்' என்று வந்தது. தனி மேசை எதற்கு என்று நினைத்தேன். அதற்குள் அந்தக் கிளையண்ட் வந்துவிட்டார், மறந்துபோனேன்.

விருந்து நாளன்று மூன்று மணிக்கே மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டேன். தகரக் கொட்டகைக்குக் கீழே அடுப்புகள், அதன்மேல் அண்டாக்கள். இப்ராஹிமின் ஆட்கள் ஒரு வெள்ளைத் துணியைப் பிழிந்து மூடியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கறி சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஐஸ் எத்தனை மூட்டை என்று கேட்டேன். சிராப் டிரம்மில் எலுமிச்சை போதுமா என்று ருசி பார்த்தேன். சமையல்காரர் பத்துமலை என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, போய்த் தொலையேன் என்ற வேண்டுதலும் இருந்தது.

"அக்கா, உள்ள ஏர்கோன் நல்லா இருக்கு. அங்க போய் உக்காருங்களேன்."

"இந்த அண்டா ஏன் சின்னதா இருக்கு?"

"அது பச்சடி அக்கா."

மேகம் கறுத்தது. கறுத்தால் ஆள் குறையும், சாப்பாடு மிஞ்சும், மிஞ்சினால் பூங்குஸ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிம்மதி. பிறகு மேகம் கலைந்தது, நிம்மதியும் அதோடு போய்விட்டது. ஆறரை மணியிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு காரிலிருந்தும் இறங்குகிறவர்களை எண்ணினேன். நாலு, நாலு, மூன்று, ஆறு. ஆறா? அந்த ஆறைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடினேன். மேசைகள் வெள்ளை விரிப்போடு அழகாக இருந்தன. ஆனால் மேடைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், உயரம் குறைந்த நீள மேசை ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பலூன். கரடி படம் போட்ட காகிதத் தட்டு, அதில் கோழி நகட், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கிண்ணம் ஜெல்லி. பக்கத்தில் ஒரு காகிதக் கப், அதன்மேல் கலர் பேனாவில் பேர்.

அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, டாக்டர் சிவபிரகாசம். பாகான் செராயில் சொந்தமாகக் கிளினிக் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி தவறி நாலு வருஷமாகிறது. கையில் ஒரு கப்பை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பில் ஒரு கரடி. கரடிக்குக் கீழே, வட்ட வட்டமான எழுத்தில், 'சிவபிரகாசம்'.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கப்பை மேசையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் வெளிக்கதவை நோக்கி நடந்தார்.

மெஹ்ரீன் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, அரைப் பிளேட் பதினாலும் ரெடி. பிள்ளைங்கள இன்னும் காணோமே? அந்த அங்கிள் பேரனத் தேடி வந்தாரு போல. ஆன்ட்டி, உங்க ஆளுங்க சூப்பர் லா, பிள்ளைங்களுக்கு எல்லாம் பழைய பேரா வச்சிருக்கீங்க. வீரம்மா, காளியம்மா. இப்ப அதானே ஸ்டைலு."

மேசையை மறுபடியும் பார்த்தேன். வீரம்மா. காளியம்மா. அழகு. தெரிந்த பேர்கள், எல்லாம் துணையை இழந்தவர்களின் பேர்கள். கேட்டரிங்காரர்களுக்கு அரை என்றால் பிள்ளைகளுக்கான அரைப் பிளேட். எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்த அந்த நொடியில் தலை கிர்ரென்று சுற்றியது. ஆனால் நின்று சுற்ற நேரமில்லை. சம்பந்தி பசியோடு போகிறார். ஒருத்தர் பசியோடு போனாலும் கல்யாணம் என் கையை விட்டுப் போய்விடும், இந்த மனிதர் இப்படிப் போனால் கல்யாணமே இருக்குமா என்று தெரியாது. பரிமாறுகிறவர் நீட்டிக்கொண்டிருந்த பிரியாணித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், நில்லுங்க. தயவு செஞ்சு நில்லுங்க."

"நான் போறேம்மா. பையன் இருப்பான். நான் ஒண்ணும் பிரச்சின பண்ண வரல." குரல் அமைதியாக இருந்தது. "கிண்டலுக்கும் ஒரு அளவு இருக்கு."

எனக்குப் பின்னால் மூச்சிரைக்க அண்ணனும் வந்துவிட்டார். உள்ளே மேசையைப் பார்த்திருப்பார் போல. கையைக் கூப்பிக்கொண்டார்.

"டாக்டர், மன்னிச்சுக்கணும். எல்லாம் இவ ஏற்பாடு. பொம்பள தனியா ஒண்ண எடுத்துச் செஞ்சா இப்படித்தான். நான் அப்பவே சொன்னேன். கல்யாணத்துல பாருங்க, ஒரு கொற இருக்காது, நானே நின்னு..."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தட்டை டாக்டர் காரின் மேலேயே வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

"டாக்டர், நான் ஒண்ணும் சொல்லல. இதக் கேளுங்க. அந்தப் பொண்ணுக்குப் போன ஆர்டர் இதான்."

அழுத்தினேன். சத்தம் முழுக்க வைத்தேன். அண்ணனின் குரல் செம்பனை வரை கேட்டது. முழுசு அறுபது. ஒவ்வொண்ணுக்கும் நாலு ஆள். அரை பதினாலு. அதற்குமேல் நான் கேட்காதது வந்தது.

"அரையெல்லாம் கலக்காம ஒரே மேசையாத் தனியாப் போட்ரச் சொல்லு, பாக்க வசதியா இருக்கும். பேரு சொல்றேன் எழுதிக்கச் சொல்லு. வீரம்மா, காளியம்மா, அழகு..." பேர்கள் வரிசையாக வந்தன. "அப்பறம் சிவபிரகாசம், அது மாப்பிள்ள வீட்டு அரை. கடைசியா நம்ம விசாலி. அது நம்ம வீட்டு அரை. அதுக்கு வாய் மட்டும் ரெண்டு முழுசு." பிறகு ஒரு சிரிப்பு. முடிந்தது.

ஆர்டரில் என் பேர் விசாலாட்சி. அதனால் விசாலி என்பது வாயாடியான ஏதோ ஒரு குட்டிப் பெண் என்று மெஹ்ரீன் நினைத்திருக்கிறாள். உள்ளே எனக்கும் ஒரு பலூன் கட்டியிருக்கிறது.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், அழுகை வந்துவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்தார். தங்கச்சியிடம் கேலியாகச் சொன்னதுதான், அதில் விஷமில்லை, அதுவும் எனக்குத் தெரியும். விஷமில்லாமலே இப்படி வலிக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"உங்க பேரும் இருக்கா?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான் கேக்குறேன். நான் முழுசாக் கேக்காம அனுப்பிட்டேன்."

அவர் கார்க் கதவைப் பிடித்தபடியே சொன்னார். "அவ போனப்பறம் என்னை அரைன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

"ஆம்பளைங்கள மொகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க டாக்டர். எங்களச் சொல்லுவாங்க."

அவர் காரின் மேலிருந்த தட்டை எடுத்துக்கொண்டார், கதவைச் சாத்தினார். "ஆறிப்போகுது. உள்ள போலாம்" என்று சொல்லி, அண்ணனைத் தாண்டி மண்டபத்துக்குள் நடந்தார்.

எனக்கு அடுத்த பதற்றம் பிடித்துக்கொண்டது. மிச்சப் பன்னிரண்டு பேர்? அவர்கள் வருவதற்குள் அந்த மேசையைத் தூக்கிவிட வேண்டும், பலூனை உடைக்க வேண்டும், முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும். டாக்டரை முந்திக்கொண்டு ஓடினேன்.

நேரமாகிவிட்டது. அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டுச்சேலையோடு, முழங்கால் நெஞ்சை இடிக்க, சிவப்பு முக்காலியிலும் மஞ்சள் முக்காலியிலும். சுங்காயில் மளிகைக்கடை வைத்திருக்கும் வீரம்மா ஆச்சி ஜெல்லியில் பாதியை முடித்திருந்தார். பக்கத்தில் மெஹ்ரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். யாரோ அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"ஆன்ட்டி, நான் எத்தன சாரி சொன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."

"ஆச்சி, தப்பாயிருச்சு. அந்தப் பொண்ணு பிள்ளைங்கன்னு நெனச்சிருச்சு. எந்திரிங்க ஆச்சி, முன்னாடி நல்ல எடமாப் போடச் சொல்றேன்" என்றேன்.

வீரம்மா ஆச்சி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு எந்திரிக்கணும்? எங்க வீட்டுக்காரரு போனப்பறம் எத்தன விசேஷத்துக்குப் போயிருக்கேன் விசாலி. சோடி சோடியா உக்காந்திருப்பாங்க, நான் எடத்தத் தேடிட்டு நிப்பேன். கெடச்ச எடத்துல ரெண்டு வாய் தின்னுட்டு மொத ஆளா கெளம்பிருவேன்." கப்பைத் திருப்பி என்னிடம் காட்டினார். "இன்னைக்கு வாசல்ல நொழையிறேன், எம்பேரு போட்டு எடம் வச்சிருக்கு. எம்பேரு. இன்னாரு பொஞ்சாதின்னு இல்ல. இதுவரைக்கும் யாரும் எனக்கு இப்படி வச்சதில்ல. நான் எந்திரிக்க மாட்டேன்."

காளியம்மாவும் எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை. எத்தனை கிலோ அரிசி, எத்தனை துண்டு கோழி என்று ஒரு மாதமாக எண்ணியவள் நான். இவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. எனக்கும் அந்த மூலை தெரியும், தெரிந்தும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

டாக்டர் தன் தட்டோடு வந்து, தன் பேர் இருந்த இடத்தில் குனிந்து முனகி உட்கார்ந்தார். அவருடைய மஞ்சள் முக்காலி கிறீச்சிட்டது. ஆச்சிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"உன் எடம் காலியா இருக்குடி" என்றார் வீரம்மா ஆச்சி. "இந்த நகட்டு யானைக்கு எள்ளுருண்ட மாதிரி இருக்கு. பிரியாணி கொண்டாரச் சொல்லிட்டு உக்காரு."

சொன்னேன், உட்கார்ந்தேன். அண்டாவைப் போய்ப் பார்க்கவில்லை. எத்தனை பேர் இரண்டு துண்டு எடுக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகப் பசித்தது, சாப்பிட்டேன்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார். பின்பக்கம் போய் ஒவ்வொரு அண்டாவையும் திறந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சட்டைக் கையில் மசாலாக் கறை. குட்டி முக்காலியில் இருக்கும் என்னிடம் பேச அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

"எல்லாரும் சாப்ட்டாச்சு. யாரும் பசியோட போகல" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்யாணத்த நீயே பாத்துக்க விசாலி. அந்தப் பொண்ணுக்கு இப்பவே சொல்லி வச்சிரு, நம்ம பக்கம் மொத்தம் எத்தன புள்..."

பதினாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எத்தன பேருன்னு" என்றார்.